மணலில் மைனர்கள்

பாலைவனம் என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? ஒட்டகம், பேரீச்சம்பழம், தலையில் துண்டு கட்டிய ஷேக்... எனக்கு இப்போதெல்லாம் டி.வி.எஸ். எக்ஸ்.எல்.தான் ஞாபகம் வருகிறது. ஏன் என்பதை வரிசையாகச் சொல்கிறேன். பி.காம். படித்தவனுக்கு எதையும் தேதிவாரியாகச் சொன்னால்தான் அன்றைக்குத் தூக்கம் வரும்.

முப்பதைத் தாண்டிய ஆண்பிள்ளைகள் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தால் பேச்சு மூன்று இடங்களில்தான் போய் நிற்கும். பிளாட் விலை, ஷுகர், லடாக். சங்கரன்கோவிலில் நாங்கள் ஐந்து பேர் எட்டு வருஷமாக லடாக் போய்க்கொண்டிருக்கிறோம், பெஞ்சைவிட்டு எழுந்திருக்காமலே! ஒரு வருஷம் லீவு கிடைக்கவில்லை. ஒரு வருஷம் கொரோனா. ஒரு வருஷம் ஒருத்தன் மனைவிக்குப் பிரசவம். மறு வருஷம் போகலாம் என்றால் அதே மனைவிக்கு மறுபடியும்!

இந்தத் தடவை விடுவதில்லை என்று நானே உட்கார்ந்து லடாக்குக்கு எஸ்டிமேட் போட்டேன். கடைசி வரியில் இருந்த டோட்டலைப் பார்த்ததும் இரண்டு பேர் டீக்குக் காசு கொடுக்காமல் எழுந்து போனார்கள். மிச்சம் இருந்தவர்களில் ஒருத்தன்தான் சொன்னான்: "லடாக் எதுக்குலே? திருச்செந்தூருக்கு இந்தப் பக்கம் பாலைவனம் சும்மாதான கெடக்கு!"

அவன் சொன்னது தேரிக்காட்டை.

ஆசாமிகளை அறிமுகப்படுத்திவிடுகிறேன். நிஜப் பெயர்கள் வேண்டாம். வீட்டில் எல்லோருக்கும் மனைவி உண்டு.

'பேங்க்' - பேங்க்கில் கேஷியர். புல்லட் வைத்திருப்பவன். 2015-ல் டக்கார் ராலியில் ஓடிய முதல் இந்தியர் பெங்களூர்க்காரரான சி.எஸ்.சந்தோஷ். அவர் மணல்மேட்டில் பறக்கிற வீடியோக்களை லஞ்ச் டயத்தில் பார்த்துப் பார்த்து, தானும் அதே ஜாதகம் என்று நம்பிவிட்டவன். 'பூக்கடை' - மல்லிகைப்பூ வியாபாரி. ராத்திரி இரண்டு மணிக்கே எழுந்து பழகியவன், அதனால் பகலில் எங்கே உட்கார்ந்தாலும் தூங்குவான். 'தறி' - நாலு விசைத்தறி போட்டுச் சேலை நெய்பவன். 'துபாய்' - ஆறு வருஷம் ஷார்ஜாவில் இருந்துவிட்டு வந்தவன். ஷார்ஜா என்றாலும் எங்கள் ஊர்க் கணக்கில் துபாய்தான். ஐந்தாவது ஆள், நாலு கடைக்கு ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் போட்டுக்கொண்டு, மிச்ச நேரத்தில் உங்களைத் தொந்தரவு செய்கிற நான்.

பாலைவனம் என்று முடிவானதும் லீடர் யார் என்ற கேள்வியே எழவில்லை. துபாய்தான்! அவன் வீட்டு ஹாலில் ஒரு போட்டோ, ஃப்ரேம் போட்டு மாட்டியிருக்கிறது. கறுப்புக் கண்ணாடி, பெரிய வெள்ளைக் கலர் லேண்ட் க்ரூஸர், அதன் பானெட்டில் ஒரு கை, பின்னால் மலைமாதிரி மணல். டெசர்ட் சஃபாரி. "மணல்ல வண்டி ஓட்டுறதுக்கு ஒரு நெளிவுசுளிவு இருக்கு மாப்ளே" என்று அவன் ஆரம்பித்தால் நாங்கள் டீயை ஆறவிட்டுக் கேட்போம்.

போன சித்திரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, விடியக்காலை நாலரை மணிக்குக் கோயில் வாசலில் கூடினோம். பேங்க் வந்து இறங்கினான் பாருங்கள்... கறுப்பு ஜாக்கெட், கறுப்பு கையுறை, முட்டிக்கு ஒரு கவசம், முழங்கைக்கு ஒரு கவசம். எல்லாம் ஆன்லைனில் வாங்கியதாம். தெருநாய் ஒன்று குரைக்க வாயைத் திறந்து, யோசித்து, மூடிக்கொண்டது. துபாய் மச்சானின் பல்சரில் வந்தான். என் ஸ்பிளெண்டரில் பின்னால் பூக்கடை (தூங்கிக்கொண்டே). கடைசியாக தறி வந்தான், எக்ஸ்.எல்.லில்! அவன் அப்பா சேலைக் கட்டுகளை ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போன வண்டி. பெடலை மிதித்து ஸ்டார்ட் பண்ணுகிற வயசானது. பின்னால் கம்பிக் கேரியர், அதில் சணல் கயிறு.

"எல, இதுலயா?" என்றான் பேங்க், உடைந்துபோன குரலில். போட்டோ கெட்டுவிடுமே என்ற கவலை அவனுக்கு.

"பைக்கு சர்வீசுக்கு விட்டிருக்கேன்டே" என்றான் தறி. (பைக்கை விற்று நாலு மாசம் ஆகியிருந்தது என்பது அப்புறம் தெரிந்தது. நூல் விலை ஏற்றம்.)

சரி, நீ பத்து நிமிஷம் முன்னாலேயே கிளம்பிப் போய்க்கொண்டே இரு, நாங்கள் வந்து பிடித்துக்கொள்கிறோம் என்று பெருந்தன்மையாக அனுமதித்தோம்.

பனவடலிச்சத்திரம், திருநெல்வேலி, ஸ்ரீவைகுண்டம், குரும்பூர் என்று போய் காயாமொழிப் பக்கம் திரும்பினால் சுமார் 120 கிலோமீட்டர். குரும்பூர் வரைக்கும் இரண்டு பக்கமும் தாமிரபரணிப் பாசனம். வயலும் வாழையும் ஆழ்வார் கோயில்களுமாகக் குளிர்ச்சியாக வருகிறது. அப்புறம் யாரோ பாயைச் சுருட்டியது மாதிரி பச்சை நின்றுவிடுகிறது. சிவப்பு ஆரம்பிக்கிறது.

சிவப்பு என்றால் செம்மண் சிவப்பு இல்லை சார். அரைத்து வைத்த மிளகாய்ப்பொடிச் சிவப்பு. மேடும் பள்ளமுமாக மணல், நடுநடுவே முந்திரியும் பனையும் உடைமரமும். மணல் துகள் ஒவ்வொன்றின் மேலும் இரும்புத் துரு ஒரு பூச்சாகப் படிந்திருப்பதால் இந்த நிறம். இது எங்கிருந்து வந்தது என்பதில் புவியியல்காரர்களுக்குள் இரண்டு கட்சி. மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்துச் செம்மண்ணை, மலைக் கணவாய்களில் புகுந்து வருகிற தென்மேற்குக் காற்று வருஷா வருஷம் அள்ளிக்கொண்டு வந்து கொட்டியது என்பது ஒரு கட்சி. இல்லை, ஒரு காலத்தில் கடல் உள்வாங்கிக் கிடந்தபோது வெளியே தெரிந்த கடல் மணலைக் காற்று இங்கே கொண்டுவந்து குவித்தது, அது கிடந்த இடத்திலேயே சிவந்தது என்பது இன்னொரு கட்சி. நான் முதல் கட்சி. காரணம் சயன்ஸ் இல்லை. அடிவாரத்துக் காற்று எங்கள் பக்கமும் வீசுகிறது, கடன் வாங்கிப் போன மண்ணில் நமக்கும் ஒரு பங்கு இருக்கட்டுமே என்ற ஆசைதான். புற்றுமண்ணையே பிரசாதமாக நெற்றியில் பூசுகிற ஊர்க்காரர்கள் நாங்கள்.

காற்று இந்த மணலைத் தள்ளிக்கொண்டே இருக்கும். மேல்மணல் விலகின இடங்களில் பொடிப்பொடியாகக் கற்காலக் கல் ஆயுதங்கள் கிடைத்திருக்கின்றன. ஸாய்னர், ஆல்சின் என்று இரண்டு ஆராய்ச்சியாளர்கள் 1956-ல் இதைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார்கள். அதாவது ஆயிரக்கணக்கான வருஷங்களாக இங்கே மனுஷன் நடமாடியிருக்கிறான். ஜாக்கெட் போடாமல்.

தேரிக்குடியிருப்பு கற்குவேல் அய்யனார் கோயிலில் ஒரு கும்பிடு போட்டோம். கார்த்திகை மாசக் கள்ளர்வெட்டுத் திருவிழாவுக்குத் திரளுகிற ஜனம், இந்த மணலைத்தான் மடியில் கட்டி வீட்டுக்கு எடுத்துப் போகிறது. தேரியின் பெரும்பகுதி வனத்துறையின் காப்புக்காடு, உள்ளே வண்டி விடக் கூடாது. நாங்கள் அரசாங்கத்துக்குப் பயந்த பிரஜைகள். ஓரமாகப் பனங்காட்டுக்குள் போகிற வண்டித்தடத்தில் இறங்குவது என்று முடிவாயிற்று.

"டயர்ல காத்தைப் பாதியா இறக்குங்க!" என்று துபாய் உத்தரவிட்டான். இறக்கினோம். உஸ்ஸ்... மணலில் டயர் அகலமாகப் பரவி உட்காருமாம், உண்மைதான். திரும்பத் தார் ரோட்டுக்கு வந்தால் எதை வைத்துக் காற்றடிப்பது என்று யாரும் கேட்கவில்லை. ஐந்து பேரில் ஒருத்தன்கூட பம்ப் கொண்டுவரவில்லை.

பேங்க் ஹெல்மெட் கண்ணாடியை இறக்கினான். போனில் வீடியோ எடுக்கச் சொல்லி என்னிடம் கொடுத்தான். புல்லட் உறுமிக்கொண்டு கிளம்பியது. நாற்பது அடி போயிருக்கும். பின்சக்கரம் ஒருமுறை இடுப்பை ஆட்டியது. அவ்வளவுதான், கிட்டத்தட்ட 190 கிலோவும் அச்சாணி வரை உட்கார்ந்துவிட்டது. வீடியோ மொத்தம் ஒன்பது செகண்ட்.

"ஃபர்ஸ்ட் கியர் போட்டு முறுக்கு!" என்றான் துபாய். முறுக்கினான். சங்கரன்கோவில் வரை தெறிக்கிற மாதிரி மணல் தெறித்தது. வண்டி இன்னும் ஒரு சாண் இறங்கியது. "இன்னும் முறுக்கு!" இன்னும் ஒரு சாண். என் ஸ்பிளெண்டரும் பல்சரும் அதைப் பார்த்துப் பயந்துபோய்ப் பக்கத்திலேயே படுத்துக்கொண்டன. கூப்பிடு தூரத்தில் இருக்கிற குலசேகரன்பட்டினத்தில் ராக்கெட் தளத்துக்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டியிருக்கிறார்கள். அங்கிருந்து ராக்கெட்டே கிளம்பப்போகிறது. எங்கள் வண்டி கிளம்பவில்லை.

அப்போது எங்களைத் தாண்டி ஒன்று போயிற்று. டபுடபுடபு... தறி! எக்ஸ்.எல்.லில், கால் இரண்டையும் துடுப்பு மாதிரி மணலில் போட்டுத் தள்ளிக்கொண்டே, கோயில் குளத்தில் போகிற வாத்து மாதிரி போனான். மேட்டில் ஏறி நின்று, "என்னடே, வரலையா?" என்றான். கனமில்லாத வண்டி, மணலுக்கு அது பாரமாகவே தெரியவில்லை.

பனையிலிருந்து ஒருவர் இறங்கி வந்தார். இடுப்பில் அரிவாள் பெட்டி, மார்பெல்லாம் பனை உரசிக் காய்த்துப்போன தடம். அறுபது வயசு சொல்லலாம்.

"எந்த ஊரு தம்பிய?"

"சங்கரன்கோவில், அண்ணாச்சி."

"இங்கன என்ன சோலி?"

"சும்மா... வண்டி ஓட்டிப் பார்க்க வந்தோம்."

"யாரும் சம்பளம் தாறாங்களா?"

"இல்ல அண்ணாச்சி, எங்க செலவுதான்."

அவர் எங்களை ஒவ்வொருத்தராகப் பார்த்தார். பேங்க்கின் முட்டிக் கவசத்தில் கொஞ்ச நேரம் கூடுதலாக நின்றது பார்வை. "முறுக்காதிய. முறுக்க முறுக்க உள்ளதான் போவும். வண்டியச் சரிச்சிப் படுக்கப் போடுங்க. குழிய மூடுங்க. ஓலைய விரிச்சி மேல ஏத்துங்க" என்றார். அப்படியே செய்ய முக்கால் மணி நேரம் ஆனது. துபாய் இந்த நேரமெல்லாம் மணலின் நெளிவுசுளிவு பற்றி ஒன்றும் பேசவில்லை என்பதை அப்போதே கவனித்திருக்க வேண்டும்.

அண்ணாச்சியின் விடிலிக்குக் கூட்டிப்போனார். விடிலி என்றால் கருப்பட்டி காய்ச்சுகிற ஓலைக் குடிசை. அவர் சம்சாரம் அடுப்பில் பதநீரைக் கிண்டிக்கொண்டிருந்தார். பனை ஓலைப் பட்டையில் ஆளுக்கு இரண்டு தடவை பதநீர் ஊற்றினார்கள். கலயத்தில் சுண்ணாம்பு தடவினால் பதநீர், தடவாவிட்டால் போலீஸ்! இதைக் காய்ச்சித்தான் உடன்குடிக் கருப்பட்டி. புவிசார் குறியீடு வாங்கிய சரக்கு. அண்ணாச்சி ஒரே பனையில் ஒரு நாளைக்கு இரண்டு மூன்று தடவை ஏறி இறங்குகிறார். எத்தனை பனை என்று கேட்டேன். சொன்னார். என் மனசு தானாகப் பெருக்கிப் பார்த்து, கிறுகிறுத்து, பாதியில் நிறுத்திக்கொண்டது.

மணி பன்னிரண்டு இருக்கும். பேங்க் மட்டும் பதநீர் வேண்டாம் என்றான். புல்லட்டைத் தள்ளின நேரமெல்லாம் ஜாக்கெட்டைக் கழற்றவே இல்லை. வெளியே ஒரு முந்திரி மரத்தடியில் உட்கார்ந்திருந்தவன் திடீரென்று, "டோக்கன் நாற்பத்திரெண்டு யாரு?" என்றான்.

நாங்கள் சிரித்தோம்.

"சார், செல்லான்ல கையெழுத்து இல்ல. போயிட்டு நாளைக்கு வாங்க" என்றான். பூக்கடை தூக்கம் கலைந்து விழுந்து விழுந்து சிரித்தான். நான் வீடியோ எடுக்கப் போனை எடுத்துவிட்டேன்.

"சிரிக்காதியடே!"

துபாய் கத்திய கத்தலில் பனையில் இருந்த காக்கா பறந்தது. அவன் அப்படிக் கத்தி நான் கேட்டதே இல்லை. ஒரே பாய்ச்சலில் பேங்க் பக்கத்தில் போய்க் கன்னத்தைத் தொட்டான், கழுத்தைத் தொட்டான். "வேர்வை இல்ல. தீயாக் கொதிக்கான். ஜாக்கெட்ட உருவு. கிழிஞ்சாலும் பரவால்ல, கத்தியால அறு. தறி, காலப் புடி. அக்கா, தண்ணிப் பானை!"

லீடர் என்றால் என்ன என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். பேங்க்கை விடிலி நிழலில் கிடத்தினான். அண்ணாச்சியின் துண்டு, என் சட்டை, பூக்கடையின் பனியன் எல்லாவற்றையும் பானையில் முக்கி, கழுத்தில், கக்கத்தில், தொடை இடுக்கில் வைத்தான். உடம்பெல்லாம் தண்ணீர் தெளித்து, என்னை ஓலையால் விசிறச் சொன்னான். நான் பாட்டிலை வாயருகே கொண்டுபோனபோது கையைத் தட்டிவிட்டான். "நெனவு சரியில்லாதவனுக்கு வாயில ஊத்தாத. மூச்சுக்குழாய்ல போயிரும்." துணி சூடாகச் சூடாக மாற்றிக்கொண்டே இருந்தான். வாயில் மட்டும் ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தான். உற்றுக் கேட்டேன். நிமிஷத்தை எண்ணிக்கொண்டிருந்தான்.

108-க்குப் போன் போட்டோம். வண்டி தார் ரோடு வரைதான் வர முடியும். அந்த இடத்திலிருந்து தார் ரோடு ஒன்றரைக் கிலோமீட்டர், அத்தனையும் மணல். புல்லட்டும் பல்சரும் ஸ்பிளெண்டரும் அரைக்காற்று டயரோடு மூன்று எருமைகள் மாதிரி படுத்திருந்தன.

தறி ஒன்றும் பேசாமல் எக்ஸ்.எல்.லின் பெடலை மிதித்தான். பேங்க்கை நடுவில் உட்காரவைத்து, பின்னால் கேரியரில் துபாய் உட்கார்ந்து அவனை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டான். சேலைக் கட்டு கட்டுகிற சணல் கயிற்றால் இரண்டு பேரையும் சேர்த்துத் தறியே கட்டினான். எத்தனை வருஷக் கை, முடிச்சு ஒரே இழுப்பில் விழுந்தது. பூக்கடையும் நானும் பின்னாலேயே தள்ளிக்கொண்டு ஓடினோம். கால் மணல் வெந்தது. அண்ணாச்சி தண்ணீர்ப் பானையைத் தோளில் வைத்துக்கொண்டு, வெறுங்காலோடு எங்களுக்கு முன்னால் ஓடிக்கொண்டிருந்தார்.

ஆஸ்பத்திரியில் இரண்டு பாட்டில் ஏறியதும் பேங்க் கண்ணைத் திறந்து, "என் ஜாக்கெட் எங்கே?" என்றான். திட்ட வேண்டும் என்று இருந்தவர்கள்கூட அழுதுவிட்டோம். டாக்டர் அம்மா, "முதல்ல யார் பார்த்தது? ஈரத்துணி வெச்சது யாரு?" என்று கேட்டார். துபாய் தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான்.

சாயங்காலம், தறியும் பூக்கடையும் பம்ப் தேடிப் போயிருந்தார்கள். வராந்தாவில் நானும் துபாயும் மட்டும்.

"மாப்ளே, நான் சஃபாரி போனதே இல்லடே."

"தெரியும்" என்றேன். (தெரியாது. ஆனால் அந்த 'இன்னும் முறுக்கு'வில் லேசாக ஒரு சந்தேகம்.)

"ஆறு வருஷத்துல ஒருநாக்கூட போவல. டிக்கெட்டுக் காசு எங்க ஒரு வாரத்துச் சாப்பாட்டுக் காசுல்லா! அந்த போட்டோ, சூப்பர்வைசர் வண்டி. கேம்ப் வாசல்ல நிப்பாட்டியிருந்தான்."

"பின்னால மணல் மலை இருக்கே?"

"கட்டடம் கட்டக் கொட்டின மணலு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவனும் சிரித்தான். சிரித்து முடித்து, காலில் ஒட்டியிருந்த சிவப்பு மண்ணைச் சுரண்டிக்கொண்டே சொன்னான்.

"என் பக்கத்துக் கட்டில்ல ஒரு பையன் இருந்தான். தெலுங்குக்காரன். ரெண்டு பேரும் சென்ட்ரிங். ஒருநா மத்தியானம் மேல வேலை பாக்கைல திடீர்னு, மாட்டை இன்னும் கட்டலையா, மாட்டைக் கட்டுன்னு சத்தம் போட்டான். பத்து மாடி உசரத்துல மாடு!" கொஞ்சம் நிறுத்தினான். "நாங்க எல்லாரும் சிரிச்சோம்டே."

நான் ஒன்றும் கேட்கவில்லை.

"அங்க சட்டம் இருக்கு. மத்தியானம் 12.30-லேர்ந்து 3 மணி வரைக்கும் வெயில்ல வேலை கூடாது. ஜூன் 15-லேர்ந்து செப்டம்பர் 15 வரை. இது நடந்தது மே கடைசி. இன்னும் மூணு வாரம் இருந்துச்சு... அதுக்குப் பொறவுதான் எல்லாரையும் உக்கார வச்சுச் சொல்லிக் குடுத்தாங்க, ஈரத்துணி எங்க வைக்கணும், என்ன செய்யக் கூடாதுன்னு. அவன் சாமானையெல்லாம் பொட்டில போட்டு நாந்தான் கட்டுனேன். புதுச் செருப்பு ஒண்ணு இருந்துச்சு. ஊருக்குப் போகைல போடணும்னு வச்சிருந்தான்."

பம்ப்போடு எக்ஸ்.எல். சத்தம் கேட்டது. துபாய் எழுந்து முகத்தைக் கழுவப் போய்விட்டான். "எழுதுறதுன்னா எழுதிக்கோ, பேரு போட்டுராத" என்று போகிறபோக்கில் சொன்னதால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

செலவுக் கணக்கை அந்த வாரமே போட்டு நாலு பேருக்கும் அனுப்பினேன். அண்ணாச்சி பதநீருக்குக் காசு வாங்க மாட்டேன் என்று ஒரேயடியாகச் சொல்லிவிட்டார். பதிலுக்குப் பத்துக் கிலோ கருப்பட்டி வாங்கிவந்தோம். அதை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று தெரியாமல் கடைசியில் 'எரிபொருள்' என்று போட்டேன். பேங்க் இப்போது சௌக்கியம். ஜாக்கெட்டை அறுத்ததற்கு இன்னும் துபாயிடம் வருத்தம். எக்ஸ்.எல்.லைப் பாதி விலைக்குக் கேட்ட ஒருத்தனைத் தறி திட்டி அனுப்பிவிட்டானாம்.

போன வாரம் துபாய் வீட்டுக்குப் போயிருந்தேன். ஹாலில் போட்டோ அப்படியே இருந்தது. கறுப்புக் கண்ணாடி, வெள்ளை வண்டி, மணல் மலை. அத்தை காபி கொடுத்துவிட்டு வழக்கம்போல அதைக் காட்டினாள். (அத்தைக்கு டி.வி. சீரியல்தான். பத்திரிகை படிக்கிற வழக்கம் இல்லை, பயம் இல்லை.)

"பாலைவனத்துல எப்பிடி வண்டி ஓட்டியிருக்கான் பாத்தியா எம்புள்ள? நீங்களும் போயிட்டு வந்தியளே, இவன் அளவுக்கு ஆச்சா?"

உள்ளே துபாய் தட்டில் முறுக்கை எடுத்து வைத்துக்கொண்டிருந்தவன், அப்படியே நின்றான்.

"எங்க அத்தே! நாங்கள்லாம் நாற்பது அடியில உக்காந்துட்டோம்" என்றேன். "இவன்தான் எல்லாரையும் வெளிய கொண்டாந்தான்."